இலியா இவானோவிச் இவானோவ்

இலியா இவானோவிச் இவானோவ் (ஆகஸ்ட் 1, 1870 – மார்ச் 20, 1932) ஒரு ரஷ்ய உயிரியலாளர் ஆவார். கால்நடைகளில், குறிப்பாகக் குதிரையினத்தில், செயற்கைக் கருவூட்டலை ஆய்வுக்கூடச் சோதனை என்ற நிலையிலிருந்து பண்ணைகளில் கையாளத்தக்க முறையாக வளர்த்தெடுத்தவர் இவரே. வரிக்குதிரை, கழுதை, குதிரை, காட்டெருது முதலிய விலங்குகளுக்கிடையே கலப்பினங்களை உருவாக்கும் ஆய்விலும் ஈடுபட்டார். தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் மனிதனையும் மனிதக் குரங்கையும் கலப்பினம் செய்ய முயன்று தோல்வியுற்றார். இன்று பொது மக்களிடையே இவர் பெயர் பெரும்பாலும் அந்தத் தோல்வியாலேயே அறியப்படுகிறது. ஆனால் உலகெங்கும் கால்நடை வளர்ப்பில் வழங்கும் ஒரு முறைக்கு அடித்தளம் இட்டவர் என்பதே அறிவியல் வரலாற்றில் இவருக்குரிய இடமாகும்.

இளமையும் கல்வியும்

இவானோவ் ரஷ்யப் பேரரசின் கூர்ஸ்க் மாகாணத்தில் உள்ள ஷிக்ரி என்னும் சிறு நகரில் பிறந்தார். அக்காலத்தில் ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி இவரது பிறந்த நாள் சூலை 20 ஆகும். கார்க்கோவ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896 இல் பட்டம் பெற்றார். பின்னர் பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பயின்றார். இந்நிறுவனத்துடன் அப்போது ஏற்பட்ட தொடர்பு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவரது ஆப்பிரிக்கப் பயணத்துக்கும் வழி வகுத்தது.

நாடு திரும்பியபின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் இனப்பெருக்க உடலியலில் ஆய்வு மேற்கொண்டார். செரிமானம் பற்றிய ஆய்வுகளால் புகழ் பெற்ற இவான் பாவ்லோவ் இவரது பணியில் ஆர்வம் காட்டி ஆதரவளித்தார். பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் உருவான அறுவை நுட்பங்கள், ஆண் விலங்குகளின் இனப்பெருக்கச் சுரப்பிகளின் பணியை ஆராய இவருக்கு உதவின. 1907 இல் இவானோவ் பேராசிரியரானார்.

பின்னணி

செயற்கைக் கருவூட்டல் இவானோவ் கண்டுபிடித்தது அன்று. 18 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இத்தாலிய அறிவியலாளர் லாசரோ ஸ்பல்லன்சானி ஒரு பெட்டை நாய்க்கு விந்தைச் செயற்கையாகச் செலுத்தி, அது குட்டிகளை ஈனச் செய்திருந்தார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வால்ட்டர் ஹீப் என்பவர் இத்துறையில் ஆய்வுகளை வெளியிட்டார். ஆயினும் அதுவரை இம்முறை ஓர் அரிய சோதனையாகவோ, கருத்தரிக்காத சில பெட்டைக்குதிரைகளுக்கான மருத்துவமாகவோ மட்டுமே கருதப்பட்டது. பெருந்தொகையான விலங்குகளில் இதனைப் பயன்படுத்தலாம் என யாரும் நிறுவியிருக்கவில்லை.

ரஷ்யாவில் அக்காலத்தில் உழவும் போக்குவரத்தும் படையும் குதிரைகளையே நம்பியிருந்தன. சிற்றூர்களில் இருந்த குதிரைகள் பெரும்பாலும் தரம் குறைந்தவை. நல்ல பொலிகுதிரைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. இயற்கையான இணைசேர்க்கையில் ஒரு பொலிகுதிரை ஓர் இனப்பெருக்கப் பருவத்தில் 20 முதல் 30 பெட்டைகளையே சினைப்படுத்த இயலும். இது மட்டுமன்றி, தூரைன் போன்ற தொற்று நோய்களும் இணைசேர்க்கையின்போது ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவின. இவ்விரு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வாகச் செயற்கைக் கருவூட்டலை இவானோவ் முன்வைத்தார்.

செயற்கைக் கருவூட்டல் ஆய்வுகள்

இவானோவ் தம் ஆய்வுகளை 19 ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கினார். முதலில் அவர் விடை காண முயன்றது ஓர் அடிப்படைக் கேள்விக்கு ஆகும். விந்தில் விந்தணுக்களுடன், துணைச் சுரப்பிகள் சுரக்கும் நீர்மமும் கலந்துள்ளது. கருத்தரிப்புக்கு இந்த நீர்மம் இன்றியமையாததா, விந்தணு மட்டும் போதுமா என்பது அப்போது தெளிவாகவில்லை. விந்தகத்தை ஒட்டியுள்ள சுருள்குழலிலிருந்து விந்தணுக்களை நேரடியாக எடுத்து, அவற்றைச் செயற்கையாகத் தயாரித்த உப்புக் கரைசலில் கலந்து பெட்டை விலங்குகளுக்குச் செலுத்தினார். அவை கருத்தரித்தன. துணைச் சுரப்பிகளின் நீர்மம் இல்லாமலேயே கருத்தரிப்பு நிகழும் என்பது இதனால் உறுதியாயிற்று.

இம்முடிவு நடைமுறையில் பெரும் பயன் உடையது. விந்தணுக்கள் செயற்கைக் கரைசலில் உயிருடன் இருக்கும் எனில், விந்தை அக்கரைசல் கொண்டு ஐதாக்கிப் பல பங்குகளாகப் பிரிக்கலாம். ஒரு பெட்டைக்கு மட்டும் பயன்பட்ட விந்து பல பெட்டைகளுக்குப் பயன்படும். குளிர்ச்சியான நிலையில் வைத்தால் அதனைச் சிறிது நேரம் பாதுகாக்கவும் இயலும்.

இக்கருத்தை இன்றைய அளவுகளைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பொலிகுதிரை ஒரு முறை வெளியிடும் விந்தில் பொதுவாக 500 கோடிக்கும் மேற்பட்ட விந்தணுக்கள் உள்ளன. ஒரு பெட்டையைச் சினைப்படுத்த முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் சுமார் 50 கோடி போதும் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எஞ்சியவை இயற்கை இணைசேர்க்கையில் வீணாகின்றன.

முறையும் கருவிகளும்

இவானோவ் கையாண்ட முறையின் படிகள் பின்வருமாறு:

- நுண்ணுயிர் நீக்கப்பட்ட கடற்பஞ்சு ஒன்று பெட்டைக்குதிரையின் யோனிக்குள் வைக்கப்படும்.
- பொலிகுதிரை அப்பெட்டையுடன் இணைசேர்ந்தபின் பஞ்சு வெளியே எடுக்கப்படும்.
- பஞ்சைப் பிழிந்து விந்து தூய கலத்தில் சேர்க்கப்படும்.
- ஒரு துளி விந்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டு விந்தணுக்களின் அசைவு சோதிக்கப்படும்.
- தேவையான அளவு கரைசல் சேர்த்து விந்து ஐதாக்கப்படும்.
- பீச்சாங்குழலுடன் இணைத்த மெல்லிய ரப்பர் குழாய் வழியாக, சினைப்பருவத்தில் உள்ள பெட்டைகளின் கருப்பைக்குள் விந்து செலுத்தப்படும்.

கருவிகள் அனைத்தும் எளியவை. பயிற்சி பெற்ற ஒரு கால்நடை மருத்துவர் சிற்றூர்த் தொழுவத்திலேயே இவற்றைக் கொண்டு பணியாற்ற முடிந்தது. வெப்பநிலையையும் தூய்மையையும் கவனமாகப் பேணுவதே இம்முறையின் வெற்றிக்கு அடிப்படை. சோப்பு, கிருமிநாசினி, குளிர்ந்த கண்ணாடி ஆகிய மூன்றும் விந்தணுக்களை விரைவில் அழித்துவிடக்கூடியவை.

பஞ்சு முறையில் குறைகளும் இருந்தன. விந்தின் ஒரு பகுதி பஞ்சிலேயே தங்கிவிடும். பெட்டையின் உடல் நீர்மங்களும் அழுக்கும் விந்தில் கலக்கும். இக்குறைகள் செயற்கை யோனி என்னும் கருவியால் பின்னர் நீங்கின. நாய்களுக்கான அத்தகைய கருவியை 1914 இல் இத்தாலியரான அமந்தேயா உருவாக்கினார். பண்ணை விலங்குகளுக்கு ஏற்ற வடிவங்களை 1930களில் மிலோவானோவ் முதலிய சோவியத் ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

முதல் மையம்

1901 இல் ஓரியோல் மாகாணத்தின் தோல்கொயே என்னும் சிற்றூரில் குதிரைகளுக்கான செயற்கைக் கருவூட்டல் மையம் ஒன்றை இவானோவ் தொடங்கினார். உலகில் இத்தகைய முதல் மையம் இதுவே எனக் கருதப்படுகிறது. இயற்கை முறையில் 20 முதல் 30 பெட்டைகளைச் சினைப்படுத்தும் பொலிகுதிரை ஒன்றைக் கொண்டு, இம்முறையால் 500 பெட்டைகள் வரை சினைப்படுத்தலாம் எனக் காட்டினார். இச்செய்தி பரவியதும் பல நாடுகளிலிருந்து குதிரை வளர்ப்போரும் ஆய்வாளர்களும் இவரை நாடி வந்தனர். ஜப்பானியரான இஷிகாவா இவரிடம் பயின்று நாடு திரும்பி, 1912 இல் அங்கு குதிரைகளில் இதே பணியைத் தொடங்கினார்.

செயற்கை முறையில் பிறக்கும் குட்டிகள் வலுவற்றவையாக இருக்கும் என்ற ஐயம் அக்காலத்தில் பலரிடம் இருந்தது. இதனால் பிறந்த குட்டிகளின் வளர்ச்சியையும் வலிமையையும் கவனித்துப் பதிவு செய்வதும் இவானோவின் பணியாயிற்று. 1907 இல் பாலூட்டிகளில் செயற்கைக் கருவூட்டல் பற்றிய விரிவான ஆய்வு நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். குதிரைகளுடன் மாடுகளிலும் செம்மறியாடுகளிலும் இம்முறையைச் சோதித்தார். மாடுகளில் இதனை வெற்றிகரமாகச் செய்த முதல் ஆய்வாளராகவும் இவர் குறிப்பிடப்படுகிறார்.

அஸ்கானியா-நோவாவும் கலப்பினங்களும்

இன்றைய உக்ரைனின் தென்பகுதிப் புல்வெளியில் அஸ்கானியா-நோவா என்னும் பெரும் பண்ணை இருந்தது. அதன் உரிமையாளர் ஃபிரீட்ரிக் ஃபால்ஸ்-ஃபைன் அங்கு உலகின் பல பகுதிகளிலிருந்து கொணர்ந்த விலங்குகளைத் திறந்த வெளியில் வளர்த்து வந்தார். வரிக்குதிரைகள், மறிமான்கள், ஐரோப்பியக் காட்டெருதுகள், மங்கோலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரசவால்ஸ்கிக் காட்டுக்குதிரைகள் ஆகியன அவற்றுள் அடங்கும். 1910 இல் இவானோவ் இங்கு ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார்.

காட்டு விலங்குகள் அடைபட்ட நிலையில் எளிதில் இணைசேர்வதில்லை. வேற்றின விலங்குடன் சேர்வது அதனினும் அரிது. செயற்கைக் கருவூட்டல் இத்தடையை நீக்கியது. விலங்குகளின் விருப்பு வெறுப்போ உயர வேறுபாடோ இதில் குறுக்கிடுவதில்லை. இவ்வாறு, நெருங்கிய இனங்களுக்கிடையே கலப்பினம் உண்டாகுமா என்பதை முறையாகச் சோதிக்க வழி பிறந்தது. வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கலப்பினம், காட்டெருதுக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினம் ஆகியவை இவரது ஆய்வில் இடம்பெற்றன.

வரிக்குதிரைக் கலப்பினங்கள் இவருக்கு முன்பும் அறியப்பட்டவையே. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கொசார் யூவர்ட் 1890களில் வரிக்குதிரையையும் குதிரையையும் இணைத்துப் பல குட்டிகளைப் பெற்றிருந்தார். கலப்பினம் பெறுவதற்குச் செயற்கைக் கருவூட்டலை ஒரு கருவியாகக் கொண்டதே இவானோவின் புதுமை ஆகும்.

இவ்விலங்குகளின் நிறப்புரி (குரோமோசோம்) எண்ணிக்கை இவானோவின் காலத்தில் தெளிவாக அறியப்படவில்லை. இன்று அறியப்படும் எண்ணிக்கைகள்:

- பிரசவால்ஸ்கிக் குதிரை – 66
- வளர்ப்புக் குதிரை – 64
- கழுதை – 62
- கோவேறு கழுதை – 63
- கிரேவி வரிக்குதிரை – 46
- சமவெளி வரிக்குதிரை – 44
- மலை வரிக்குதிரை – 32

எண்ணிக்கையில் இவ்வளவு வேறுபாடு இருந்தும் இவை தமக்குள் கலந்து உயிருள்ள குட்டிகளை ஈனுகின்றன. சமவெளி வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் குட்டிக்குப் பொதுவாக 53 நிறப்புரிகள் இருக்கும். ஆனால் இத்தகைய கலப்பினங்களில் விந்தணுவும் சினைமுட்டையும் உருவாகும்போது நிறப்புரிகள் சரியாக இணை சேர்வதில்லை. எனவே கோவேறு கழுதையைப் போலவே அவையும் பெரும்பாலும் மலடாகவே இருக்கின்றன. பிரசவால்ஸ்கிக் குதிரைக்கும் வளர்ப்புக் குதிரைக்கும் பிறப்பவை இதற்கு விதிவிலக்கு. அவை இனப்பெருக்கம் செய்யக்கூடியவை.

அஸ்கானியா-நோவாவில் பணியாற்றிய மிகயில் ஃபியோதரவிச் இவானோவ் (1871–1935) வேறொருவர். அவர் செம்மறியாடு, பன்றி இனங்களை மேம்படுத்தியவர். அங்குள்ள ஆய்வு நிறுவனம் தாங்கியிருப்பது அவருடைய பெயரையே. இருவரையும் ஒருவராகக் கருதும் பிழை சில இடங்களில் காணப்படுகிறது.

கிராஸ் மாநாடு

1910 இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அனைத்துலக விலங்கியல் மாநாடு நடைபெற்றது. அதில் இவானோவ் உரையாற்றுகையில், செயற்கைக் கருவூட்டல் மூலம் மனிதனுக்கும் மனிதக் குரங்குக்கும் இடையே கலப்பினம் உருவாக்குவதும் இயலக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். கழுதையும் வரிக்குதிரையும் போன்ற வேறுபட்ட இனங்கள் கலக்கும்போது, மனிதனும் மனிதக் குரங்கும் கலப்பதற்குத் தடை இராது என்பது அவரது வாதம். அப்போது இது வெறும் கருத்தாகவே இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் இதனைச் செயல்படுத்த முனைந்தார்.

புரட்சிக்குப் பின்

முதல் உலகப் போர், 1917 புரட்சி, உள்நாட்டுப் போர் ஆகியவற்றால் ரஷ்யாவின் கால்நடைச் செல்வம் பெரிதும் அழிந்தது. அஸ்கானியா-நோவாவும் போர்க்களமாகிச் சேதமுற்றது. அங்கு இவானோவ் நடத்திய ஆய்வுகள் தடைப்பட்டன. எஞ்சியிருந்த நல்ல ஆண் விலங்குகளைக் கொண்டு விரைவாகக் கால்நடைகளைப் பெருக்க வேண்டிய தேவை புதிய அரசுக்கு ஏற்பட்டது. இவானோவின் முறை இத்தேவைக்குப் பொருத்தமாக அமைந்தது.

இவர் 1917 முதல் 1921 வரையும், மீண்டும் 1924 முதல் 1930 வரையும் அரசுச் சோதனைக் கால்நடை மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றினார். இடைப்பட்ட 1921–1924 காலத்தில் வளர்ப்பு விலங்குகளின் இனப்பெருக்கத்தை ஆராயும் மத்தியச் சோதனை நிலையத்தில் பணிபுரிந்தார். 1928 முதல் 1930 வரை மாஸ்கோ உயர் விலங்கு வளர்ப்பு நிறுவனத்திலும் பணியாற்றினார். ரஷ்யாவில் தாம் பெற்ற அனுபவங்களைத் தொகுத்து 1922 இல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். இக்கட்டுரை மேலை நாட்டு ஆய்வாளர்களிடையே இம்முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

ஆப்பிரிக்கப் பயணம்

1924 இல் பாரிசில் தங்கியிருந்தபோது, பிரெஞ்சு கினியில் கிண்டியா என்னுமிடத்தில் பாஸ்டர் நிறுவனம் நடத்திய குரங்கு ஆய்வு நிலையத்தைப் பயன்படுத்திக்கொள்ள இவானோவ் அனுமதி பெற்றார். மனிதன்–மனிதக் குரங்குக் கலப்பினம் உருவானால் அது டார்வினின் கொள்கைக்குச் சான்றாகவும், சமய நம்பிக்கைகளுக்கு எதிரான வாதமாகவும் அமையும் எனச் சோவியத் அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். அரசின் அறிவியல் நிறுவனங்கள் துறைத் தலைவரான நிக்கொலாய் கோர்புனோவின் ஆதரவால் 1925 இல் இப்பணிக்கு 10,000 அமெரிக்க டாலர் ஒதுக்கப்பட்டது.

1926 மார்ச்சில் இவானோவ் கிண்டியா சென்றடைந்தார். அங்கிருந்த சிம்பன்சிகள் இனப்பெருக்க முதிர்ச்சி அடையாதவை என அறிந்து, ஒரு மாதத்தில் பாரிஸ் திரும்பினார். அவ்வாண்டுக் கோடையில், குரங்குச் சுரப்பிகளை மனிதருக்கு ஒட்டுவதால் பெயர் பெற்றிருந்த மருத்துவர் செர்ச் வோரனாஃபுடன் சேர்ந்து, ஒரு பெண் சிம்பன்சியில் பெண்ணின் சூலகத்தைப் பொருத்தி மனித விந்தைச் செலுத்தினார். அதில் பலன் கிட்டவில்லை.

1926 நவம்பரில் தம் மகனுடன் மீண்டும் கினி சென்றார். கொனாக்ரி நகரின் தாவரவியல் பூங்கா இம்முறை ஆய்வுக் களமாயிற்று. 1927 பெப்ரவரி 28 அன்று இரண்டு பெண் சிம்பன்சிகளுக்கும், சூன் 25 அன்று மூன்றாவது சிம்பன்சிக்கும் மனித விந்து செலுத்தப்பட்டது. மூன்றும் கருத்தரிக்கவில்லை.

இக்காலத்தில் இவானோவ் மற்றொரு திட்டத்தையும் முன்வைத்தார். மருத்துவமனையில் இருந்த ஆப்பிரிக்கப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலேயே சிம்பன்சியின் விந்தைச் செலுத்துவதே அத்திட்டம். குடியேற்ற ஆளுநர் இதற்கு அனுமதி மறுத்தார். இதனால் அச்சோதனை நடைபெறவில்லை. ஆயினும் பண்ணை விலங்குகளுக்குச் செய்வதை மனிதருக்கும் அவர்தம் ஒப்புதலின்றிச் செய்ய முனைந்த இச்செயல், இவானோவின் வாழ்க்கையில் மிகக் கடுமையான கண்டனத்துக்கு உரியதாக இன்று கருதப்படுகிறது. குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்த மக்களை அக்கால அறிவியலாளர் சிலர் எவ்வாறு நோக்கினர் என்பதற்கும் இது ஒரு சான்றாகும்.

சுகுமி நிலையம்

1927 சூலையில் இவானோவ் 13 சிம்பன்சிகளுடன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டார். எஞ்சிய விலங்குகள், கருங்கடற் கரையில் அப்காசியாவின் சுகுமி நகரில் அவ்வாண்டு அமைக்கப்பட்ட குரங்கு ஆய்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. ஆண் மனிதக் குரங்கின் விந்தைப் பெண்களுக்குச் செலுத்தும் சோதனையை அங்கு நடத்த அவர் எண்ணினார். 1929 இல் பொருள்முதல்வாத உயிரியலாளர் சங்கம் இதற்கு ஆதரவளித்தது. இம்முறை தாமாக முன்வரும் பெண்கள் ஐவரேனும் தேவை எனத் தீர்மானிக்கப்பட்டது.

1929 சூனில் சுகுமியில் எஞ்சியிருந்த முதிர்ந்த ஒரே ஆண் மனிதக் குரங்கான தார்சான் என்னும் ஒராங்குட்டான் இறந்தது. புதிய விலங்குகள் வந்து சேருமுன் அரசியல் சூழல் மாறிவிட்டது. எனவே சோதனை நடைபெறவே இல்லை. சுகுமி நிலையம் பிற்காலத்தில் மருத்துவ ஆய்வுகளில் சிறந்து விளங்கியது.

தோல்விக்கான காரணங்கள்

குதிரையினங்கள் அனைத்தும் ஏறத்தாழ 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்தது அதற்கும் முன்னர் ஆகும். மனிதனுக்கு 46 நிறப்புரிகளும் சிம்பன்சிக்கு 48 நிறப்புரிகளும் உள்ளன. மனித நிறப்புரிகளின் எண்ணிக்கை 46 என்பதே 1956 இல்தான் உறுதி செய்யப்பட்டது. கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றைக் காட்டிலும் இவ்வெண்கள் நெருக்கமாக இருப்பினும், எண்ணிக்கை மட்டும் கலப்பினம் உருவாவதைத் தீர்மானிப்பதில்லை. மரபணுக்களின் ஒழுங்கு, விந்தணுவும் சினைமுட்டையும் ஒன்றையொன்று ஏற்கும் தன்மை, கருவின் வளர்ச்சி எனப் பல தடைகள் உள்ளன. மனிதன்–மனிதக் குரங்குக் கலப்பினம் பிறந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. மேலும், மூன்று விலங்குகளில் மட்டும் செய்த சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது. குதிரைகளில் பெருந்தொகையான சோதனைகளால் தம் கருத்தை நிறுவியவர் இங்கு அவ்வாறு செய்ய முடியவில்லை.

கைதும் இறப்பும்

1930 இல் சோவியத் ஒன்றியத்தில் வேளாண்மை, கால்நடைத் துறை வல்லுநர் பலர் கைது செய்யப்பட்டனர். இவானோவ் பணியாற்றிய நிறுவனத்திலும் அவருக்கு எதிரான குற்றச்சாட்டுகள் எழுந்தன. கோர்புனோவும் தம் செல்வாக்கை இழந்திருந்தார். 1930 திசம்பர் 13 அன்று இவானோவ் கைது செய்யப்பட்டார். ஐந்து ஆண்டுகள் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டு, கசக்ஸ்தானின் அல்மா-அடாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் கால்நடை மருத்துவ நிறுவனம் ஒன்றில் தம் துறையிலேயே பணிபுரிந்தார். 1932 மார்ச் 20 அன்று மூளைக் குருதிக்குழாய் வெடிப்பால் தமது 61 ஆம் அகவையில் காலமானார். அவருக்கு இரங்கல் குறிப்பு எழுதியவர் பாவ்லோவ் ஆவார்.

இவானோவ் கைதானதற்கு அவரது மனிதக் குரங்குச் சோதனைகளே காரணம் எனச் சில நூல்களிலும் இதழ்களிலும் கூறப்படுவதுண்டு. ஆவணங்கள் இதனை உறுதிப்படுத்தவில்லை. அதேபோல் ஸ்டாலின் ஒரு குரங்கு மனிதப் படையை உருவாக்க ஆணையிட்டார் என்ற கதைக்கும் ஆதாரம் இல்லை. ரஷ்ய வரலாற்றாளர் கிரில் ரசியானோவ் ஆவணக் காப்பகங்களை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட கட்டுரை, இத்திட்டத்தின் உண்மையான வரலாற்றைத் தெளிவுபடுத்தியது.

முறையின் பரவல்

இவானோவ் நாடு கடத்தப்பட்ட காலத்திலேயே அவரது முறை சோவியத் கூட்டுப்பண்ணைகளில் மிகப் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. 1936 இல் டென்மார்க்கில் மாடுகளுக்கான முதல் கூட்டுறவுச் செயற்கைக் கருவூட்டல் அமைப்பு தோன்றியது. இந்தியாவில் 1939 இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் இம்முறை மேற்கொள்ளப்பட்டது. 1949 இல் இங்கிலாந்தில் போல்ஜ், சிமித், பார்க்ஸ் ஆகியோர் கிளிசரால் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையைத் தாங்கும் எனக் கண்டறிந்தனர். 1957 இல் உறையவைத்த விந்தால் ஒரு பெட்டைக்குதிரை கருத்தரித்தது கனடாவில் பதிவு செய்யப்பட்டது.

கழுதையினத்தில் இம்முறை

கழுதையினத்தில் செயற்கைக் கருவூட்டல் இரு நோக்கங்களுக்காகச் செய்யப்படுகிறது. ஒன்று, பெட்டைக்குதிரைகளிடமிருந்து கோவேறு கழுதைகளைப் பெறுவது. கழுதைகளுடன் வளர்ந்த ஆண் கழுதை பெட்டைக்குதிரையை ஏற்க மறுப்பது உண்டு. உயர வேறுபாடும் ஒரு தடையாகும். விந்தைச் சேகரித்துச் செலுத்துவதால் இவ்விரு இடர்களும் நீங்குகின்றன. மற்றொன்று, அருகிவரும் கழுதை இனங்களைக் காப்பது. பிரான்சின் புவாத்து கழுதை இனத்தில் 1977 இல் நடந்த கணக்கெடுப்பில் 44 விலங்குகளே எஞ்சியிருந்தன. அதன்பின் மேற்கொள்ளப்பட்ட பாதுகாப்புப் பணிகளால் அவற்றின் எண்ணிக்கை உயர்ந்தது.

குதிரைக்கு ஏற்ற முறையை அப்படியே கழுதைக்குப் பயன்படுத்த இயலாது. ஆண் கழுதை இணைசேரத் தயாராவதற்கு அதிக நேரம் எடுக்கும். சினைப்பருவத்தில் உள்ள பெட்டைக் கழுதை அருகில் இருப்பது விந்து சேகரிப்புக்கு உதவும். பெட்டைக் கழுதை சினைப்பருவத்தில் வாயைத் திறந்து மூடி மெல்லுவது போன்ற செய்கையைக் காட்டும். அதன் கருப்பை வாய் பெட்டைக்குதிரையுடையதைக் காட்டிலும் நீண்டு குறுகியது என்பதால், குழாயைச் செலுத்துவது கடினம். சினைக்காலம் ஏறத்தாழ பன்னிரண்டு மாதங்கள் ஆகும்.

புதிய விந்தோ குளிரூட்டிய விந்தோ பயன்படுத்தும்போது பெட்டைக் கழுதைகள் நன்கு கருத்தரிக்கின்றன. உறையவைத்த விந்தில் நிலைமை வேறு. ஒரே ஆண் கழுதையின் உறைந்த விந்து பெட்டைக்குதிரைகளில் நல்ல பலன் தருகையில், பெட்டைக் கழுதைகளில் மிகக் குறைந்த பலனே தருகிறது. விந்து செலுத்தியபின் பெட்டைக் கழுதையின் கருப்பையில் ஏற்படும் அழற்சியும் கிளிசராலின் விளைவும் இதற்குக் காரணங்களாக ஆராயப்பட்டு வருகின்றன. இந்தியாவில் அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆய்வு மையமும் ஆண் கழுதை விந்தை உறையவைத்துப் பயன்படுத்துவதில் ஈடுபட்டுள்ளது. குதிரையினத்தில் இவானோவ் தொடங்கிய பணியில் கழுதை தொடர்பான பகுதி இன்னும் முழுமை பெறவில்லை.

மதிப்பீடு

இவானோவின் வாழ்வில் இரு பகுதிகளும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை. கருத்தரிப்பையும் இணைசேர்க்கையையும் பிரிக்க இயலும் என்பதே அக்கருத்து. குதிரைகளில் அது விலங்கு வளர்ப்போரின் தேவையை நிறைவேற்றியது, நோயையும் குறைத்தது. மனிதரிடத்தில் அதே கருத்து, அறிந்து ஒப்புதல் தருதல் என்னும் நெறியைப் புறக்கணிக்கும் நிலைக்கு அவரை இட்டுச் சென்றது. நுட்பம் ஒன்று இயலுமா என்பதும் அதனைச் செய்யலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதற்கு இவானோவின் வாழ்க்கை அறிவியல் வரலாற்றில் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்படுகிறது.